எட்டு தௌ துணி

ஒரு துணியின் கனத்தைச் சொல்ல அவளுக்குக் கண் வேண்டியதில்லை. ஓரத்தைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பிடித்து ஒரு தடவை நெருடினால் போதும். மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பும் ஊழியர்களுக்குச் சீருடையும் தைத்துக் கொடுக்கும் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வெட்டுமேசையில் நின்றவள். லாரியில் வந்து இறங்கும் துணிக்கட்டின் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவள் விரல் சொல்வதுதான் அங்கே செல்லும்.

அந்த விரல்தான் அவளுக்குக் கல்யாணத்தையும் கொண்டுவந்தது. ஒரு நாள் லேத் பட்டறைக்காரர் ஒருவர் கூடத்துக்கு வந்து, இருக்கிற பருத்தித் துணியில் தினுசுக்கு ஒரு சாண் வேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு துணியாக அளக்க ஆரம்பித்தார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எறும்புக்குச் சட்டை தைக்கப் போகிறாரோ என்று யாரோ கேட்டு, கூடமே சிரித்தது. அவர் காது சிவந்ததே தவிர, அளப்பதை நிறுத்தவில்லை. அவள்தான் இரக்கப்பட்டுப் பக்கத்தில் போய் என்ன தேவை என்று விசாரித்தாள்.

துப்பாக்கிக்கு, என்றார் அவர். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன் மேல் ஒரு சின்ன துணி வட்டத்தை வைத்து, துணியின் மேல் ஈயக் குண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோலால் இடித்து உள்ளே இறக்குகிற பழைய ரகம். குழலுக்குள்ளே சுருள் சுருளாக வரிப்பள்ளம் வெட்டியிருக்கும். துணி அந்தப் பள்ளத்தைக் கவ்விப் பிடித்தால்தான் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். உயிருள்ள எதையும் அவர் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கி சுடுவோர் மன்றத்துக்குப் போய் ஐம்பது மீட்டர் தள்ளித் தொங்கும் காகிதத்தைச் சுடுவார், அவ்வளவுதான்.

"குண்டு பெருசுன்னா துணி மெலிசா இருக்கணும். குண்டு சின்னதுன்னா துணி கனமா இருக்கணும். தனித்தனியா ரெண்டுக்கும் அளவு கிடையாது, ஜோடிக்குத்தான் அளவு" என்றார்.

அந்தப் பேச்சில் அவள் காதில் விழுந்தது ஜோடி என்ற சொல் மட்டும்தான். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மெத்தை உறைக்கு வரும் நீலக்கோடு போட்ட துணியை எடுத்து நெருடிப் பார்த்து, இதுதான் இருப்பதில் அழுத்தமானது என்று நீட்டினாள். அவர் அளந்தார். அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் தௌ என்பார்கள். அந்தத் துணி பதினைந்து தௌ இருந்தது. அடுத்த துணியை அவர் அளப்பதற்கு முன்பே, இது அதைவிட ஒரு மயிரிழை குறைச்சல் என்றாள் அவள். அளந்தால் பதினாலு. அவர் மைக்ரோமீட்டரை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் பிறகு துணியை அளக்க அதை அவர் எடுக்கவே இல்லை.

கல்யாணமான பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, நானூற்றுத் தொண்ணூற்றைந்து தௌ குண்டுகளை உருட்டிப் பார்த்து ஒதுக்குவது அவர் பாடு. துணியை இரண்டு தடவை அலசி விறைப்பைப் போக்கி, காயவைத்து, வட்டம் வட்டமாக வெட்டி, தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சைத் தேய்ப்பது அவள் பாடு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. மன்றத்தில் அவரைக் குண்டு வீட்டுக்காரர் என்றும் அவளைத் துணி வீட்டுக்காரி என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் அடியில்தான் மன்றம் சுடுகிற இடம். அங்கே அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குண்டு பறந்ததும் துணி வட்டம் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மண்ணில் விழும். சுடுவதை நிறுத்தி மணி அடித்ததும் போய் அதைப் பொறுக்கி வருவாள். இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் விழுந்த துணியை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நடுவில் கறுப்பாக ஒரு சிலுவைக் கோடு மட்டும் விழுந்து, ஓரம் முழுசாக இருந்தால் ஜோடி பொருத்தம். கருகியோ கிழிந்தோ கிடந்தால் எங்கோ பிசகு.

முப்பத்தெட்டு வருடத்தில் நல்ல துணிகளாகப் பொறுக்கிச் சேர்த்து, தீர்ந்துபோன தலைவலித் தைல டப்பா ஒன்றில் மாதிரிக்காக வைத்திருந்தாள். அது எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும்.

அவருடைய அறுபத்து நாலாவது வயதில், பட்டறையில் ஒரு காலை நேரத்தில், கையிலிருந்த ஸ்பேனர் தானாகக் கீழே விழுந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்ன அடைப்பு. நல்லவேளை, லேசாகத்தான் வந்திருக்கிறது என்றார் டாக்டர். பேச்சு நான்கே நாளில் திரும்பியது, நடையும் திரும்பியது. வலது கையில் மட்டும் பலம் பாதிதான். விரல் நுனிகளில் உணர்ச்சியும் மரத்துப்போயிருந்தது.

மூன்று மாதம் கழித்து முதல் தடவையாகக் குவாரிக்குப் போனார்கள். மருந்தைக் கொட்டினார். துணியை வைத்தார். குண்டை வைத்தார். குண்டை முதலில் குழலின் வாய்க்குள் அழுத்தும் குட்டைக் கோலின் குமிழில் வலது கையால் ஓங்கித் தட்டினார். குண்டு அசையவில்லை. மூன்றாவது தட்டில் கை வழுக்கி, மணிக்கட்டு குழலின் விளிம்பில் பட்டுத் தோல் உரிந்தது. மன்றத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர் உதவிக்கு வந்தார். எப்போதும் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியபடி பேசுவதால் எல்லோருக்கும் அவர் திருகாணிதான். குண்டைத் தான் இறக்கித் தருவதாகச் சொன்ன திருகாணியிடம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கணவர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். படியேறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொருத்தன் இடிச்சுக் குடுத்து நான் சுடறதா? அதுக்கு என் சோத்தையும் அவனையே மென்னு குடுக்கச் சொல்லு. அடுத்த வாரமும் இப்படின்னா நான் விட்டுடறேன்."

விட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். துப்பாக்கியை விட்டால் அடுத்து என்னென்ன விடுவார் என்பதும் தெரியும். அந்த வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்தாள். சனிக்கிழமை மதியம் பழைய துணிக்கட்டிலிருந்து தலையணை உறைத் துணி ஒன்றை உருவினாள். அதே நீலக்கோடு, அதே நெசவு. நெருடிப் பார்த்தாள். எட்டு தௌ. அதில் இருபது வட்டம் வெட்டி, மெழுகு தேய்த்து, வழக்கமான டப்பாவில் அடுக்கினாள்.

மறுநாள் குண்டு ஒரே தட்டில் உள்ளே இறங்கியது. நீளக் கோலால் தள்ளியபோது அடிவரை தங்குதடையில்லாமல் போனது. அவர் அவள் பக்கம் திரும்பினார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"பாத்தியா? கை வந்துடுச்சு."

அவளும் சிரித்தாள். மணி அடித்ததும் துணியைப் பொறுக்கப் போனவளுக்கு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மண்ணில் கிடந்தவை துணியாகவே இல்லை. நடு ஓட்டையாகி, ஓரமெல்லாம் கருகி, தொட்டால் உதிர்ந்தன. மெல்லிய துணி பள்ளங்களை நிரப்பவில்லை. இடுக்கு வழியாக நெருப்பு முந்திக்கொண்டு துணியைத் தின்றிருந்தது. அவர் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. கருகியவற்றைக் காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்த தைல டப்பாவைத் திறந்து, என்றைக்கோ விழுந்த நல்ல துணிகள் ஐந்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்துச் செய்தது. பதினான்கு மாதம் நடந்தது. அவர் பார்த்துத் தந்த அதே துணிகள் மறுபடி டப்பாவுக்குள் போய், அடுத்த வாரம் வெளியே வந்தன.

காகிதத்தில் குண்டுகள் சிதறின. முன்பெல்லாம் ஐந்து ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். இப்போது ஒன்று மேலே, ஒன்று காகிதத்தின் மூலையில், ஒன்று காகிதத்திலேயே இல்லை. பட்டறைக்காரர் இல்லையா, அவர் ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கழித்தார். மருந்து அதே அளவு. குண்டு அதே அச்சு. துணி விழுந்ததைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையோ முன்னைவிடத் தேவலை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"கண்ணு போயிடுச்சு" என்றார்.

கண் டாக்டர் எல்லா எழுத்தையும் படிக்கவைத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல கண்ணைத் தான் பார்த்ததில்லை என்றார். டாக்டருக்கு எழுத்து தெரியும், ஐம்பது மீட்டர் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தவர், வேறொரு கடையில் கேட்டு வாங்கித் தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டார். அதைப் போட்டதும் இருந்த பார்வையும் குழம்பியது. பட்டறையில் நுணுக்க வேலைகளை எடுப்பதை நிறுத்தினார். ஒரு தௌ பிசகினால் இன்னொருத்தன் மிஷின் கெடும் என்றார். இரண்டு மாதத்தில் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். செய்தித்தாளை அவள் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே மருந்துக்கடை, அதன் வாசலில் பஸ் நிற்கும். முன்பு பஸ் திருப்பத்தில் வரும்போதே எண்ணைச் சொல்கிறவர், இப்போது அது நின்ற பிறகும் என்ன பஸ் என்று அவளைக் கேட்டார். அவருக்கு அது தெரியாமல் இல்லை என்று அவளுக்குத் தோன்றும். தெரிவதை நம்பத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொன்னால் கண் திரும்பும், ஆனால் கை போய்விடும். அந்தக் கையைப் பற்றி அவர் வாரம் தவறாமல் வெளியூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். கண் வயசுக்குப் போறது, எல்லாருக்கும் போறதுதான், கைதான்மா பெருசு, அது வந்துடுச்சு, என்பார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவள் என்ன செய்வாள்? அடுப்படிக்குப் போய் எதையாவது கழுவுவாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தில் நாலு குண்டு காகிதத்துக்கு வெளியே போனபோது, யாரும் எதுவும் சொல்வதற்கு முன் துப்பாக்கியைத் துடைத்துத் திருகாணியின் கையில் கொடுத்தார். தான் ஒதுங்கிக்கொள்வதாகவும், கண் தெரியாதவன் கையில் துப்பாக்கி இருப்பது மற்றவர்களுக்கு நல்லதல்ல என்றும் சொன்னார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அவளும் நின்றாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அடைப்பு வந்தது. இந்தத் தடவை லேசாக இல்லை. வலது கையும் காலும் மொத்தமாகப் போயின. பேச்சு குழறலாகத் திரும்பியது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள்.

மன்றத்து அலமாரியில் இருந்த அவருடைய அச்சையும் ஈயக் கரண்டியையும் எடுத்துவர ஒரு நாள் காலை அவள் மட்டும் குவாரிக்குப் போனாள். திருகாணி தனியாக உட்கார்ந்து எதையோ எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு எப்படி என்று விசாரித்தார். பிறகு வாயிலிருந்த திருகாணிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் முன் பிரித்தார். கருகிய துணித் துண்டுகள். ஒன்றிரண்டில் நீலக்கோடு தெரிந்தது.

மழைக்குப் பிறகு தரையைக் கிளறிச் சமன் செய்தபோது கிடைத்ததாம், அவள் கணவர் நின்று சுடுகிற இடத்துக்கு நேர் முன்னால் மட்டும். "தப்பா நெனைக்காதீங்கக்கா. இது எப்படின்னு எனக்குப் புரியல" என்றார் திருகாணி.

அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, தலையணை உறையிலிருந்து தைல டப்பா வரைக்கும், மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். எல்லாம் கேட்ட பிறகு, திருகாணி கருகிய ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு மெல்லக் கேட்டார்.

"துணியில ஏன்க்கா கை வெச்சீங்க? துணிய அப்படியே விட்டுட்டு, குண்ட ஒரு அஞ்சு தௌ கொறச்சிருந்தா போதுமே. தானா எறங்கியிருக்கும். நேராவும் போயிருக்கும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பகல் நேரம், நின்றுபோன தையல் மிஷின்கள், காது சிவந்த ஒரு மனிதர் எல்லாம் கண்முன் வந்தன. குண்டு சின்னதுன்னா துணி கனமா இருக்கணும். முதல் நாளே சொல்லியிருந்தார். குண்டு அவர் பாடு என்று அவள் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கை பலமில்லை என்று ஒத்துக்கொள்ளக்கூட வேண்டியதில்லை, வேறு அச்சு ஒன்று செய்து பார்க்கிறேன் என்றால் ஆயிற்று. சொந்தமாக லேத் வைத்திருந்தவர்.

திருகாணியிடம் நானூற்றுத் தொண்ணூறு தௌ குண்டுகள் இருந்தன. அவள் கேட்டுக்கொண்டதால், அவள் கணவர் விட்டுப்போன துப்பாக்கியை எடுத்தார். அவள் கைப்பையில் மெத்தை உறைத் துணி வட்டங்கள் இன்னும் கிடந்தன. திருகாணி இடது கையாலேயே தட்டிப் பார்த்தார். இறங்கியது. ஐந்து தடவை சுட்டார். அவள் போய்த் துணியைப் பொறுக்கினாள். ஐந்தும் முழு வட்டம், நடுவில் சிலுவைக் கோடு. காகிதத்தில் இருந்த ஐந்து ஓட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை அவர் மடியில் விரித்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இடது கை விரலால் ஓட்டைகளைத் தடவினார்.

"யாரு?"

திருகாணி, என்றாள். உங்கள் துப்பாக்கிதான் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும். இரண்டு துணிகளையும் அவர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தாள். மரத்துப்போகாத இடது கையால் ஒன்றைப் பிடித்து நெருடினார், மற்றதை நெருடினார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இது... எட்டு" என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "இந்தக் கை... நல்லாத்தான் இருந்துச்சு. நீ குடுத்தத... நான் ஒரு நாளும்... அளந்து பாக்கல."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

"அப்ப அந்தக் கை... வரவே இல்ல."

"வரல."

"கண்ணு?"

"அது எங்கயும் போகல" என்றாள் அவள். "நல்லாத்தாங்க இருந்துச்சு. நாந்தான்..."

அவர் தடித்த கண்ணாடியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். திருப்பத்தில் ஒரு பஸ் தலை நீட்டியது, மருந்துக்கடைக்கு இன்னும் தூரம் இருந்தது.

"நாப்பத்திரண்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "டிரைவர்... புதுசு. மீசை வெச்சிருக்கான்."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. சரியாகத்தான் இருக்கும். பட்டறைச் சாவியைக் கொடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

அவர் அவளைத் திட்டவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் ஊட்டியதைச் சாப்பிட்டார், புரட்டிப் படுக்கவைத்தபோது வழக்கம்போல அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் எண்ணை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மருந்து கொடுக்கும் நேரம். பாட்டிலோடு வரும் சின்ன பிளாஸ்டிக் குவளையில் பத்து மில்லி ஊற்றி, எப்போதும்போல அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் குவளையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோட்டைப் பார்த்தார். மருந்து கோட்டில்தான் நின்றது. பார்த்துவிட்டுக் குடித்தார்.

காலிக் குவளையை வாங்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தக் குவளையை வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.